அரைக்கால், காலை விடப் பெருசா?

போன வருசம் ஒரு சனிக்கிழமை. கேகாலை மாவட்டத்தில் ஒரு றப்பர் தோட்டம். லயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வாசிகசாலை அறையில் ஆறாம், ஏழாம் தரத்துப் பிள்ளைகள் பதினாலு பேர். நாங்கள் ஐந்து பேர். ஐந்து பேருமே கலைப்பீட மாணவர்கள். கணிதம் சொல்லித் தர எங்களுக்கு என்ன தகுதி என்ற கேள்வி எங்களுக்கே இருந்தது. ஆனால் பிள்ளைகள் கேட்டது கணிதம்தான். அதனால் பால்மா பெட்டிகளை வெட்டி அட்டை செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு பின்னத்தை எழுதிக்கொண்டு போயிருந்தோம்: 1/2, 1/3, 1/4, 1/8, 3/4, 7/8. விளையாட்டு இவ்வளவுதான்: அட்டைகளைச் சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாக வைக்க வேண்டும். வைத்தால் மட்டும் போதாது. ஏன் அங்கே வைத்தாய் என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லவும் வேண்டும்.

ஒரு பிள்ளை 1/2, 1/3, 1/4, 3/4, 1/8, 7/8 என்று வைத்தாள். ஏன் என்று கேட்டோம். "எட்டு தானே அக்கா பெருசு?" என்றாள். முக்கால்வாசிப் பேர் அவள் பக்கம்தான். இலக்கம் பெரிதென்றால் பின்னமும் பெரிது. உலகம் முழுக்கப் பிள்ளைகள் முதலில் இப்படித்தான் நினைக்கிறார்கள், நாங்களும் ஒரு காலத்தில் இப்படித்தான் நினைத்தோம்.

எங்களில் ஒருவர் சும்மா ஒரு தகவலுக்குச் சொன்னார்: "எட்டில் ஒன்றுக்குப் பழைய தமிழில் அரைக்கால் என்று பெயர்." வாசல் படியில் பேரனைக் கூட்டிப்போக வந்து உட்கார்ந்திருந்த ஓர் அப்பாயி, வெற்றிலையை ஒதுக்கிவிட்டுச் சிரித்தார். "என்னா கூத்து இது? அரைக்கால் எப்பிடிடீ காலை விடப் பெருசா இருக்கும்? கால்ல பாதி தானே அரைக்கால்?"

அட்டைகள் மளமளவென்று இடம் மாறின.

அன்று திரும்பி வரும் பஸ்ஸில் நாங்கள் பேசிக்கொண்டு வந்தது இதைத்தான். பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு முடிந்த ஒருவருக்கு இந்தச் சொல் எங்கிருந்து கிடைத்தது? அந்தச் சொல் வகுப்பறைக்குள் ஏன் இல்லை? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியின் பின்னால் போன கதை.

பெயரே வரிசை சொல்லும்

பழைய தமிழ்க் கணக்கில் ஒன்றுக்குக் கீழே உள்ள எண்களைக் கீழ்வாய் இலக்கம் என்பார்கள். தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மனப்பாடம் செய்த எண்சுவடியில் இவைதான் பெரும் பகுதி. எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பெயர் இருந்தது. 1/2 அரை, 1/4 கால், 1/8 அரைக்கால், 1/16 வீசம். அதை மாகாணி என்றும் சொல்வார்கள். இது ஒரு குடும்பம். ஒவ்வொன்றும் முந்தியதில் பாதி. நெல் அளப்பதிலும் இதே ஒழுங்குதான்: படியில் பாதி உரி, உரியில் பாதி உழக்கு, உழக்கில் பாதி ஆழாக்கு.

இன்னொரு குடும்பம் மா. ஒரு மா என்றால் 1/20. இருமா 1/10, மும்மா 3/20, நாலுமா 1/5. அரைமா 1/40, காணி 1/80, முக்காணி 3/80, அரைக்காணி 1/160. கடைசியில் முந்திரி, 1/320.

ஏன் 320? இங்கேதான் எங்களுக்கு ஆச்சரியம். முதல் குடும்பம் 16இல் வந்து நிற்கிறது. இரண்டாவது குடும்பம் 20இல் தொடங்குகிறது. 16ஐ 20ஆல் பெருக்கினால் 320. அப்படியென்றால் ஒரு வீசம் 20 முந்திரி, ஒரு மா 16 முந்திரி. இரண்டு குடும்பத்துப் பின்னங்களையும் முந்திரியாக்கிவிட்டால் எதையும் எதோடும் ஒப்பிடலாம். மூவீசம், அதாவது 3/16 பெரிதா, நாலுமா, அதாவது 1/5 பெரிதா? மூவீசம் 60 முந்திரி, நாலுமா 64 முந்திரி. நாலுமாதான் பெரிது. மும்மா 48 முந்திரி, அரைக்கால் 40 முந்திரி. மும்மா பெரிது.

பகுதியெண்ணைப் பொதுவாக்கு என்று ஆறாம் தரத்தில் சொல்லித் தருகிறார்களே, அதுதான் இது. வித்தியாசம் என்னவென்றால், நமக்கு அது ஒரு விதியாக வந்தது. அங்கே அது ஒரு சின்னப் படிக்கல் மாதிரி, எல்லாவற்றையும் நிறுக்க உதவும் ஒரு பொருளாக இருந்தது.

இதோடு நிறுத்தினால் பழம்பெருமைப் பேச்சாகிவிடும். தென்னிந்தியக் கணக்கு மரபைப் பல வருடங்கள் ஆராய்ந்த வரலாற்றாசிரியர் செந்தில் பாபு, எண்ணும் அளவும் சமூகத்தோடு எப்படிக் கட்டுண்டு கிடந்தன என்று எழுதியிருக்கிறார். நிலத்தை அளப்பவரும் கணக்கு எழுதுபவரும் ஒரு பக்கம், அளந்து போடும் கூலியை வாங்குபவர் இன்னொரு பக்கம். திண்ணைப் பள்ளி எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. பெண்பிள்ளைகளும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளும் பெரும்பாலும் வெளியில்தான் நின்றார்கள். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் கட்டி வரப்பட்டவர்களில் அதிகம் பேர் அந்த ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். எண்சுவடி அவர்களின் கைக்கு வரவில்லை. ஆனால் கூலி நெல்லை வாங்கிய கைக்கு அரைக்காலும் காலும் தெரிந்திருந்தன. அந்த அப்பாயியின் சொல் ஏட்டிலிருந்து வந்ததல்ல. அளவுப் படியிலிருந்து வந்தது.

பதினாறணா போய் நூறு சதம் வந்தது

கடல் தாண்டி வந்தபோது இன்னொரு விசயமும் நடந்தது. இந்தியாவில் அன்றைய ரூபாய்க்குப் பதினாறு அணா. ஓர் அணா என்பது ரூபாயில் ஒரு வீசம். பாதி எட்டணா, கால் நாலணா, அரைக்கால் ரெண்டணா. தமிழ்ப் பின்னமும் காசும் கையும் விரலும் மாதிரிப் பொருந்தின.

இலங்கையில் 1872 முதல் ரூபாவுக்கு நூறு சதம். நூறைப் பாதியாக்கிக்கொண்டு போய்ப் பாருங்கள்: 50, 25, பிறகு பன்னிரண்டரை, பிறகு ஆறேகால். கால் வரைக்கும் சரி. அரைக்காலில் சதம் உடைகிறது, வீசத்தில் இன்னும் உடைகிறது. ஆனால் மா குடும்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு மா ஐந்து சதம், இருமா பத்துச் சதம், நாலுமா இருபது சதம். ஊரில் கேட்டுப் பழகிய பாதிக் கணக்கு இந்தக் காசோடு ஒட்டவில்லை.

இதனால்தான் பழைய பெயர்கள் மறைந்தன என்று சொல்லிவிட முடியாது. தமிழ்நாட்டிலேயே நவீனப் பாடசாலை வந்ததும் எண்சுவடி ஒதுங்கிவிட்டது. இந்தியாவும் 1957இல் நூறு பைசாவுக்கு மாறியது. ஆனால் தோட்டத்துக்கு வந்த ஒருவர், தன் கூலியைத் தன் பழைய கணக்கில் சரிபார்ப்பது கொஞ்சம் கடினமாகியிருக்கும் என்று நாங்கள் நினைக்கிறோம். சரிபார்ப்பதுதான் இந்தக் கதையின் மையம்.

பேர், அரைப்பேர், துண்டு

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் "பேர்" என்று சொல்வது நம் எல்லோருக்கும் தெரியும். செக்ரோலில் பெயருக்கு நேரே விழும் ஒரு குறி, ஒரு பேர். மழை வந்து வேலை பாதியில் நின்றால், பிந்திப் போனால், சொன்ன அளவு முடியாவிட்டால் அரைப்பேர். "இந்த மாசம் பதினெட்டரைப் பேர்" என்று அம்மாமார் சொல்வதைக் கேட்டுத்தான் நம்மில் பலர் வளர்ந்தோம். பின்னம் என்ற சொல்லைக் கேட்பதற்கு முன்னாலேயே ஒரு மனுசியின் நாள் அரையாக வெட்டப்படுவதை நாம் கேட்டுவிட்டோம்.

அந்தக் குறியைப் போட்டது யார்? கணக்கப்பிள்ளை. ஆளைக் கொண்டுவந்து, வேலைக்கு நிறுத்தி, கடனையும் கையில் வைத்திருந்தது கங்காணி. பெரிய கங்காணிகள் பெரும்பாலும் சாதிப் படிநிலையில் மேலே இருந்தவர்கள். வேலைக்கு வரும் ஒவ்வொரு தலைக்கும் அவர்களுக்குத் தோட்டத்திலிருந்து காசு கிடைத்தது. வழிச்செலவு, அரிசி, துணி எல்லாம் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறும். தோட்டம் மாற வேண்டுமென்றால் "துண்டு" வேண்டும். இன்னாரின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் ஆளை விடுவோம் என்று எழுதிய சீட்டு அது. கடன் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு ஆளோடு சேர்ந்து நடந்தது. 1921இல்தான் துண்டு முறையைச் சட்டம் ஒழித்தது.

இந்த ஏற்பாடு முழுவதும் நின்றது ஒரு விசயத்தின் மேல்: கணக்கு ஒரு பக்கத்துக்கு மட்டும் தெரியும். அரையும் காலும் வாயால் தெரிந்த ஒருவருக்கு, ஏட்டில் கழித்த தொகை சரியா என்று பார்க்க வழி இல்லை. ஆகவே தோட்டப் பிள்ளைக்குக் கணிதம் எவ்வளவு சொல்லிக் கொடுப்பது என்பது வெறும் பாடத்திட்டக் கேள்வியாக ஒருபோதும் இருந்ததில்லை.

பள்ளிக்கூடம் வந்த கதை

1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் தோட்டங்களில் சில பள்ளிகளை நடத்தியது. அதற்கு வெளியே, கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிந்த யாராவது ஒருவர் லயத்து வாசலிலோ மரத்தடியிலோ பிள்ளைகளைச் சேர்த்துச் சொல்லிக் கொடுத்த லயப் பள்ளிகள் இருந்தன. 1907இல் வந்த கிராமப் பாடசாலைச் சட்டம்தான் தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி அரசாங்கம் முதலில் வாய் திறந்த இடம். 1920 கல்விச் சட்டம் பாடசாலை வைப்பதைத் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக்கியது. கடமை என்று எழுதியதும் கட்டடம் வந்துவிடவில்லை. வந்த இடத்திலும் ஒரே மண்டபம், ஒரே ஆசிரியர், எல்லா வகுப்பும் ஒன்றாக.

1945இல் இலவசக் கல்வி வந்தது. கன்னங்கராவின் பெயரை நாம் எல்லோரும் பரீட்சைக்குப் படித்திருக்கிறோம். ஆனால் தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே விடப்பட்டன. மூன்று வருடம் கழித்து, 1948 குடியுரிமைச் சட்டம் பெற்றோரில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. வாக்கு இல்லாதவரின் பள்ளிக்கூடத்துக்கு எந்த அரசியல்வாதி ஓடி வருவார்? 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையானதற்குப் பிறகுதான், எழுபதுகளின் பிற்பகுதியில் தோட்டப் பாடசாலைகள் பெரும் எண்ணிக்கையில் அரசின் கைக்கு வந்தன. எண்பதுகளில் சுவீடனின் உதவியோடு கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் வந்தன. இந்த நீண்ட கதையை ஆஞ்சலா லிட்டில் 1999இல் 'லேபரிங் டு லேர்ன்' என்ற புத்தகமாக எழுதியிருக்கிறார். நூலகத்தில் கிடைத்தால் எடுத்துப் பாருங்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இலவசக் கல்விக்கும் தோட்டப் பாடசாலை அரசின் பொறுப்பாவதற்கும் இடையில் ஒரு முழுத் தலைமுறை போய்விட்டது. நாலாம் வகுப்போடு நின்ற அந்த அப்பாயி அந்தத் தலைமுறையில் ஒருவர்.

1929இன் அட்டைகள்

இரண்டாவது சனிக்கிழமை நாங்கள் வேறு அட்டைகளோடு போனோம். இந்த முறை இலக்கங்களை நாங்களாக யோசிக்கவில்லை. வரலாற்றிலிருந்து எடுத்தோம்.

1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ், 1929 தொடக்கத்தில் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கு முதல் தடவையாகச் சம்பளம் சட்டத்தால் நிர்ணயிக்கப்பட்டது. தோட்டங்களை மேல்நாடு, மத்திய நாடு, கீழ்நாடு என்று மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு நாளைக்கு ஆணுக்கு முறையே 54, 52, 50 சதம். பெண்ணுக்கு 43, 41, 40 சதம். பிள்ளைக்கு 32, 31, 30 சதம். பிள்ளைக்கும் கூலி என்று சட்டத்திலேயே ஒரு வரிசை இருந்ததைக் கவனியுங்கள். இந்தத் தொகைகளையும் அடுத்து வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் குறைத்தார்கள்.

பெண்ணின் கூலி ஆணின் கூலியில் எத்தனை பங்கு? மூன்று அட்டைகள்: 43/54, 41/52, 40/50. வரிசைப்படுத்துங்கள் என்றோம்.

முதலில் எல்லோரும் 43/54தான் பெரிது என்றார்கள். 43 சதம்தானே கூட. காசு கூட என்பது சரி. பங்கும் கூடவா? கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு ஏழாம் தரத்துப் பையன் ஒருவன், முதல் வாரத்தில் 3/4ஐயும் 7/8ஐயும் வைத்த அதே வழியை எடுத்தான். அந்த வாரம் அவன் சொன்னது இதுதான்: "முழுசுக்கு எது கிட்ட இருக்குன்னு பாருங்க. முக்காலுக்குக் கால் கொறையுது. இதுக்கு அரைக்கால்தான் கொறையுது. அப்ப இதுதான் பெருசு." இப்போதும் அதையே செய்தான். கிடைத்ததைப் பார்க்காமல் குறைந்ததைப் பார்த்தான்.

54இல் 11 குறைகிறது. 52இலும் 11 குறைகிறது. 50இல் 10 குறைகிறது. 11/54, 11/52 இரண்டிலும் மேலே ஒரே இலக்கம். ஒரே பதினொரு துண்டு, ஆனால் 54ஆக வெட்டினால் துண்டு சின்னது. ஆகவே 11/54 சின்னது. 10/50 என்பது ஐந்தில் ஒன்று. ஐந்தில் ஒன்றைப் பதினொன்றால் பெருக்கி எழுதினால் 11/55. அது இன்னும் சின்னது. குறைந்த பங்கு எங்கே சின்னதோ அங்கே கிடைத்த பங்கு பெரியது. கடைசி வரிசை சின்னதிலிருந்து: 41/52, 43/54, 40/50.

சதத்தில் ஆகக் குறைவாக வாங்கியவள் கீழ்நாட்டுப் பெண். ஆணோடு ஒப்பிட்டால் ஆகக் கூடுதலான பங்கு வாங்கியவளும் அவளேதான். அது அவளுக்கு நல்லது நடந்தது என்று அர்த்தமல்ல, அங்கே ஆணின் கூலியும் குறைவு என்றுதான் அர்த்தம். இதை ஒரு பிள்ளையே சொன்னாள். "எல்லாத்துக்கும் கொறச்சாக் கிட்டத்தான் வரும்." விகிதம் சமமாவதும் நியாயம் நடப்பதும் ஒன்றல்ல என்று நாங்கள் விரிவுரை மண்டபத்தில் பக்கம் பக்கமாகப் படித்ததை அவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள்.

மூன்று அட்டைகளும் நாலுமா குறைய, அதாவது ஏறத்தாழ ஐந்தில் ஒன்று குறைய நின்றன. இந்தக் குறைவு தற்செயலா? மூன்று பிரதேசத்திலும் ஒரே மாதிரி ஐந்தில் நாலு வருகிறதென்றால், பெண்ணின் ஒரு நாள் ஆணின் ஒரு நாளில் ஐந்தில் நாலு என்று யாரோ முதலே மனதில் வைத்துக்கொண்டுதான் இலக்கத்தைப் போட்டிருக்க வேண்டும். இது எங்கள் ஊகம். ஆனால் அட்டையை வரிசைப்படுத்தாமல் இந்த ஊகமே வந்திருக்காது. பிள்ளைகளின் கூலி அட்டைகளை உங்களுக்கு விட்டுவிடுகிறோம்: 32/54, 31/52, 30/50. எந்த வரிசை, ஏன்?

பெருந்தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் வந்தது 1984இல், தொழிலாளர் போராட்டத்துக்குப் பிறகு. 1929இலிருந்து 55 வருடம். அந்த அப்பாயி அதற்கு முன்னாலும் வேலை செய்தவர், அதற்குப் பின்னாலும் வேலை செய்தவர். அவரிடம் கேட்டோம். "பொம்பளைக்குக் கொறவுன்னு தெரியும் தம்பி. எவ்வளவு கொறவுன்னு யாரு எங்களுக்குச் சொன்னா?" என்றார்.

மரத்தில் இருக்கும் பின்னம்

இரத்தினபுரி, கேகாலைப் பக்கம் தேயிலையோடு றப்பரும் இருக்கிறது. பால் வெட்டு என்பதே பின்னம்தான். மரத்தைச் சுற்றி முழுதாக வெட்டுவதில்லை. சாதாரணமாக அரைச்சுற்று, அதுவும் ஒன்றுவிட்ட ஒரு நாள். அரைச்சுற்றில் பாதி நாள், அதாவது 1/2இல் 1/2. மரம் தாங்கும் வேலை 1/4. இதைத்தான் றப்பர் துறையில் நூறு வீத வெட்டு என்று அடிப்படையாக எடுத்துக்கொள்கிறார்கள்.

மூன்றாவது சனிக்கிழமை இதை அட்டையாக்கினோம். முழுச்சுற்று, நாலு நாளைக்கு ஒரு தடவை. கால்சுற்று, தினமும். அரைச்சுற்று, மூன்று நாளைக்கு ஒரு தடவை. அரைச்சுற்று, தினமும். எந்த மரத்துக்கு அதிக வேலை? பெருக்கலே சொல்லித் தராமல் இதைக் கொடுத்தோம். பிள்ளைகள் பன்னிரண்டு நாளை எடுத்து எண்ணினார்கள். முழுச்சுற்று நாலு நாளைக்கு ஒன்று என்றால் பன்னிரண்டு நாளில் மூன்று முழுச்சுற்று. கால்சுற்று தினமும் என்றால் பன்னிரண்டு கால், அதுவும் மூன்று. இரண்டும் சமம் என்று தெரிந்ததும் ஒரே ஆரவாரம். அரைச்சுற்று மூன்று நாளைக்கு ஒன்று என்றால் நாலு அரை, இரண்டு. அரைச்சுற்று தினமும் என்றால் ஆறு. "அந்த மரம் செத்துரும்" என்றான் ஒருவன். அவனுடைய அம்மா பால் வெட்டுபவர். பட்டையைத் தினமும் அரைச்சுற்று வெட்டினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும்.

ஏன் பன்னிரண்டு நாள் என்று கேட்டோம். "மூணுக்கும் சரி வரணும், நாலுக்கும் சரி வரணும்" என்றார்கள். பொது மடங்குகளில் ஆகச் சிறியது என்ற விதியை அவர்கள் அந்த நிமிடம் தாங்களே செய்துகொண்டார்கள். 320ஐத் தேடிய ஆட்களும் இதே காரணத்துக்காகத்தான் தேடியிருப்பார்கள்.

வீதியும் வகுப்பறையும்

பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெரேசினா நூனெஸ் கராஹரும் டேவிட் கராஹரும் ஷ்லீமனும் செய்த ஒரு ஆய்வை 1985இல் வெளியிட்டார்கள். வீதியில் தேங்காய், பழம் விற்கும் ஐந்து பிள்ளைகள். விற்கும் இடத்தில் கேட்ட கணக்குகளில் ஏறத்தாழ 98 வீதம் சரியாகச் சொன்னார்கள். அதே மாதிரிக் கணக்குகளைக் காகிதத்தில் வெறும் இலக்கமாகக் கொடுத்தபோது ஏறத்தாழ 37 வீதம்தான் சரி. பிள்ளைக்குக் கணக்கு வராது என்று முடிவு கட்டும் முன், எந்தக் கணக்கு என்று கேட்க வேண்டும் என்பதே அந்த ஆய்வின் பாடம்.

ஆனால் இதையே பிடித்துக்கொண்டு "வாழ்க்கைக் கணக்கே போதும்" என்று சொல்வதும் பிழை. அளவுப் படி தெரிந்த அப்பாயிக்கு அரைக்கால் தெரிந்தது, ஐந்தில் நாலு தெரியவில்லை. வாய்க்கணக்கு 7/12, 5/9 என்று வரும்போது நின்றுவிடும். அந்த இடத்தில் எழுத்தும் விதியும் வேண்டும். விதியை மட்டும் கொடுத்தாலும் நின்றுவிடும், அதை நாங்களே அனுபவித்திருக்கிறோம். அட்டையை வரிசைப்படுத்தும் விளையாட்டு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. விடை ஒன்றுதான், வழி பல. பிள்ளை ஒரு வழியைத் தேர்ந்து, வாய் திறந்து, காரணம் சொல்லிப் பக்கத்தில் இருப்பவரைச் சம்மதிக்க வைக்க வேண்டும். "சேர் சொன்னாங்க" என்பது காரணம் ஆகாது. எழுபது எண்பது வருடம் "ஏட்டுல இருக்கு" என்ற பதிலோடு திரும்பி வந்த ஆட்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கம் சின்ன விசயமல்ல.

நாங்கள் ஐந்து பேரும் கலைப்பீடத்துக்கு விரும்பித்தான் வந்தோம் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் எங்களில் மூன்று பேர் படித்த பாடசாலையில் உயர்தரத்தில் கணிதப் பிரிவும் இல்லை, விஞ்ஞானப் பிரிவும் இல்லை. இருந்தது கலை. சாதாரண தரத்தில் கணிதம் தவறிய நண்பர்கள் அதற்கு மேல் வரவே இல்லை. அவர்கள் மண்டையில் மூளை இல்லாதவர்கள் அல்ல. கடையில் மீதிக் காசை எங்களை விட வேகமாகச் சொல்பவர்கள்.

கடைசி அட்டைகள்

போன மாதம் நாங்கள் எடுத்துப் போனவை நம் காலத்து அட்டைகள். 2016 கூட்டு ஒப்பந்தத்தில் ஒரு நாளுக்கு 730 ரூபா என்றார்கள். அதில் அடிப்படைச் சம்பளம் 500. மிச்சம் 230இல் 60 வரவுக் கொடுப்பனவு, 140 உற்பத்திக் கொடுப்பனவு, 30 விலைப் பங்கு. வரவு குறைந்தால், கிலோ குறைந்தால் அந்தப் பங்கும் போகும். 2019இல் 750 ரூபா, அதில் அடிப்படை 700. 2021இல் சம்பளச் சபை ஊடாக 1000 ரூபா, 900உம் 100உம். அடிப்படைக்கு வெளியே நிற்கும் பங்கு எந்த வருசம் பெரிது? 230/730, 50/750, 100/1000.

முதல் நாள் 1/8ஐத் தூக்கி 3/4க்கு மேலே வைத்த அதே பிள்ளைதான் இந்த அட்டைகளை எடுத்தாள். 50/750 பதினைந்தில் ஒன்று. 100/1000 பத்தில் ஒன்று. 230/730ஐப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தாள். 23/73 என்று சுருக்கினாள். "மூணு இருபத்திமூணு அறுபத்தொம்போது. நாலு இருபத்திமூணு தொண்ணூத்திரெண்டு. அப்ப இது மூணுல ஒண்ணுக்குக் கொஞ்சம் கீழ, காலுக்கு மேல." வரிசை வைத்துவிட்டு, பிறகு எங்களைக் கேட்டாள்: "அப்ப எழுநூத்தி முப்பதுன்னு சொன்னப்ப, அதுல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு கையில வருமா வராதான்னே தெரியாதா?"

ஆமாம் என்றோம். 730க்கும் 750க்கும் இடையில் கூடியது இருபது ரூபாதான், ஆனால் நிச்சயமான பங்கு இருநூறு ரூபா கூடியது என்பதையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். அன்று வகுப்பு முடிந்து பல பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சம்பளச் சீட்டைக் கேட்டிருக்கிறார்கள். அடுத்த வாரம் நாலு சீட்டுகள் வாசிகசாலைக்கு வந்தன. ஒன்றை அந்த அப்பாயியே கொண்டுவந்தார், மகளுடையது.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பால்மா பெட்டி, ஒரு கத்தரிக்கோல், ஒரு பேனை. உங்கள் லயத்தில், உங்கள் கிராமத்தில், உங்கள் வீட்டுச் சம்பளச் சீட்டில் இருக்கும் பின்னங்களை எழுதுங்கள். தம்பி தங்கச்சிகளிடம் வரிசைப்படுத்தக் கொடுங்கள். விடையைச் சொல்லிவிடாதீர்கள். ஏன் என்று மட்டும் கேளுங்கள். பக்கத்தில் ஓர் அப்பாயி இருந்தால் அவரையும் கூப்பிடுங்கள்.